லபீப் கிர்கிஸ் தண்ணீர் பங்கிட்ட கோடை

லபீப் கிர்கிஸின் தொழிலுக்குக் கெய்ரோவில் வழங்கும் பெயர் பங்கிடுகிறவர். பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவர் ஒருவர். அந்த மெட்டை வாங்கி, இந்த இடம் வயலினுக்கு, இது புல்லாங்குழலுக்கு, இங்கே செல்லோ மட்டும், இங்கே எல்லாரும் சும்மா இருங்கள் என்று பிரித்து எழுதிக் கொடுப்பவர் இன்னொருவர். அந்த இன்னொருவர்தான் லபீப். ஆனால் ரேஷன் சாமான் பங்கிடுகிறவருக்கும் ஊரில் அதே பெயர்தான். அதனால் ஷுப்ரா பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு அவர் குடிவந்த வாரம், ஹஜ் போய்வந்த முதல் மாடி இன்ஸாஃப் ஹாஜா ஒரு தகர டின்னோடு படியேறி வந்து வாசலில் நின்றாள்.

"எண்ணெய் எப்பப்பா வரும்?"

"எந்த எண்ணெய், ஹாஜா?"

"நீதானே பங்கிடுறவன்? கீழ சொன்னாங்க."

"நான் பாட்டைப் பங்கிடுறேன், ஹாஜா. வயலின், புல்லாங்குழல், இந்த மாதிரி."

ஹாஜா அவர் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மேசையெல்லாம் இசைத்தாள். "அதுக்குமா ரேஷன் போட்டுட்டாங்க?" என்றாள். சர்க்காரைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனாள்.

லபீப் ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில், சட்டைப்பையில் ரப்பர். சின்ன வயதில் தீயணைப்புப் படை பேண்டில் கிளாரினெட் ஊதியவர். தீ அணைக்கப் போன இடங்களில் ஊதியதில்லை, அணிவகுப்பில்தான். அங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நாற்பது பேரை ஊதவைக்க யாராலும் முடியும். மனம் நோகாமல் அந்த நாற்பது பேரையும் சும்மா இருக்கவைப்பதுதான் கஷ்டம்.

அவர் பெரும்பாலும் வேலை செய்தது நுஃமான் ஸப்ரி என்ற இசையமைப்பாளருக்கு. நுஃமானுக்கு மெட்டு ஊற்றாகப் பொங்கும். ஆனால் ஒரு சுரம் எழுதத் தெரியாது. ஊத் வாத்தியத்தை மடியில் போட்டுக்கொண்டு லபீபின் கூடத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பார். நடுநடுவே லபீபின் மனைவி ஓதெத் செய்து வைத்த திராட்சை இலைச் சுருளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வார்.

"இங்க பாடுறவ 'போகாதே'ன்னு எடுக்கறப்போ வயலின் மொத்தமும் வரணும்."

"வரும், உஸ்தாத்."

"செல்லோவும்."

"சரி."

"கானூன், டிரம்பெட், கோரஸ். அப்புறம் அக்கார்டியன். என் மச்சினன் வாசிக்கிறான், அவனை விட்டுட்டா வீட்ல சோறு கிடைக்காது."

"எல்லாரும் வந்துட்டா அவ குரலுக்கு எங்க உஸ்தாத் இடம்?"

"அதை நீ பார்த்துக்க. எனக்கு அந்த இடத்துல எல்லாரும் வேணும்."

லபீப் 'சரி' என்று தலையாட்டுவார். ஒருநாளும் 'முடியாது' என்று சொன்னதில்லை. பிறகு தனியாக உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று கொடுத்து, எல்லாரையும் வெவ்வேறு இடத்தில் நுழையவிட்டு, அந்தப் பெண் 'போகாதே' என்று எடுக்கும்போது ஒரே ஒரு செல்லோவை மட்டும் அவள் பக்கத்தில் நிறுத்திவிடுவார். மச்சினனுக்கு வயலின்களுக்கு அடியில், யார் காதிலும் விழாத ஓர் இடத்தில், நீளமாக ஒரு சுரம். மச்சினன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு உருகி வாசிப்பார். நுஃமானும் பாட்டைக் கேட்டுவிட்டு, "பார்த்தியா, எல்லாரும் இருக்கறதாலதான் இந்தக் கனம்" என்பார்.

வானொலியில் பாட்டு வரும்போது எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் என்று மூன்று பேரைச் சொல்வார்கள். ஓதெத் அப்போதெல்லாம் ரேடியோவை முறைப்பாள்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"இப்ப ஒரு செல்லோ நுழைஞ்சுதே, அதுதான் நான்."

"ரொம்ப நல்லது. இனி யாராச்சும் உன் புருஷன் என்ன பண்றார்னு கேட்டா, நுழைஞ்சார்னு சொல்றேன்."

அந்த வருஷக் கோடையில் கட்டடத்தின் தண்ணீர்ப் பம்பு எரிந்துபோனது. வீட்டுக்காரர் தர்வீஷ் வேறு பேட்டையில் இருந்தார். வாடகை அவர் அப்பா காலத்திலேயே சட்டத்தால் உறைந்துபோய்விட்டது. பம்பு மட்டும் எதற்கு ஓட வேண்டும் என்பது அவர் நியாயம். பம்பில்லாமல், தெருக்குழாயின் சொந்த பலத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறுமோ அவ்வளவுதான். தரைத்தளத்து இஸ்திரிக்கடை பயூமி குழாயைத் திறந்தால் இன்ஸாஃப் ஹாஜாவுக்கு நூல் மாதிரி வரும். ஹாஜா திறந்தால் இரண்டாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஷௌகத் பாஷாவுக்குச் சொட்டு. நான்காம் மாடி ஸீனத் டீச்சரின் குழாய் வெறுமனே இருமும். டீச்சர் பள்ளி விடுமுறை முழுக்க வாளி தூக்கிக்கொண்டு படியேறினாள்.

எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் கட்டடத்தின் நடுவே இருந்த காற்றுப் பொந்துக்குள் திறக்கும். சண்டையும் அதற்குள்தான் நடக்கும்.

"டேய் பயூமி, குழாயை மூடுடா. கை முழுக்க சோப்பு."

"தண்ணி தெளிக்காம எப்படி ஹாஜா இஸ்திரி போடறது?"

"நீ வாயாலதானே துப்பித் தெளிக்கிற?"

"வாயில தண்ணி ஊறணும்னா நீ சமைக்கிறது நல்லா இருக்கணும் ஹாஜா."

"முதல் தளம், தரைத்தளம், ரெண்டும் உடனே மூடுங்க. இது உத்தரவு" என்று பாஷாவின் குரல் நடுவில் வரும்.

"உத்தரவைக் குழாய்கிட்ட போடு. அதுதான் உன் பேச்சைக் கேக்கல" என்பாள் ஹாஜா.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் லபீப் நுஃமானின் அடுத்த பாட்டை எழுத முயன்றுகொண்டிருந்தார். பென்சில் ஓடவில்லை. கொஞ்ச நாள் எழுதுவதை விட்டுவிட்டு ஜன்னலோரம் நின்று கேட்டார். கேட்கக் கேட்க அவருக்குச் சிரிப்பு வந்தது. காலையில் எல்லாரும் ஒரே சமயத்தில் குழாயைத் திறக்கிறார்கள். தேவைக்காக இல்லை, மற்றவர் திறந்துவிடுவாரே என்ற பயத்தில். எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்கள், அதனால் யார் பாட்டும் எடுபடவில்லை.

பெரிய இசைத்தாள் ஒன்றை எடுத்து, வீட்டுக்கு ஒரு வரி என்று கோடு போட்டார். அடியில் பயூமி, உச்சியில் ஸீனத் டீச்சர். யார் எப்போது நுழைவது, யார் எப்போது அடங்குவது என்று எழுதினார். நேரம் போட்டு எழுத முடியவில்லை. தொழுகை தவறக்கூடாதென்று ஹாஜா தன் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருந்தாள். பாஷாவின் கடிகாரம் பின்னால் ஓடியது, ஆனால் அதைச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. பயூமியிடம் கடிகாரமே இல்லை. அதனால் லபீப் தெருவில் வரும் சத்தங்களை அடையாளமாக வைத்துக்கொண்டார். மொச்சை வண்டிக்காரன் 'ஃபூல்' என்று மொச்சையின் அரபுப் பெயரைக் கூவினால் ஹாஜா. பழைய சாமான் வாங்குகிறவன் குரல் கேட்டால் பாஷா. காஸ் வண்டிக்காரன் சிலிண்டரைச் சாவியால் தட்டும் சத்தம் வந்தால், கீழே எல்லாரும் ஒவ்வொருவராக அடங்க, தண்ணீர் நான்காம் மாடிக்கு. மெதுவாக, ஒருவர்பின் ஒருவராக மூட வேண்டும் என்று அதற்குக் கீழே கோடும் போட்டார். ஒரேயடியாக மூடினால் பழைய குழாய் உதறுகிறது என்பதைக் கவனித்திருந்தார்.

எழுதுவது சுலபம். ஆட்களைச் சம்மதிக்கவைக்க வேண்டுமே.

"நான் மூடணுமா?" என்றாள் இன்ஸாஃப் ஹாஜா. "இந்தக் கட்டடத்துல முதல்ல குடிவந்தவ நான்."

"யாரு உங்களை மூடச் சொன்னது? பிரதானப் பாட்டே நீங்கதான் ஹாஜா. மொச்சைக்காரன் கூவினதும் நீங்க மட்டும். உங்களுக்காக மொத்தக் கட்டடமும் மௌனம்."

"மொத்தக் கட்டடமுமா?"

"ஆமா."

"அந்த பாஷாவுமா?"

"அவர் அப்ப வாயே திறக்கக் கூடாது, குழாய் எங்க?"

ஹாஜா அந்த ஒரு காரணத்துக்காகச் சம்மதித்தாள்.

பயூமி தனக்கு என்ன பங்கு என்று கேட்டான். எல்லாருக்கும் அடியில், நாள் முழுக்க, மெல்லிசாக ஒரே ஒரு சுரம் என்றார் லபீப். "சும்மா சொட்டுறதுக்குப் பேரு சுரமா?" என்று பயூமி குறைப்பட்டான். அதுதான் அஸ்திவாரம், அது நின்றால் மேலே எதுவும் நிற்காது என்று லபீப் விளக்கியபிறகு, சொட்டும் குழாயைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்ட ஆரம்பித்தான்.

ஷௌகத் பாஷா கேட்டது ஒரே கேள்வி. "இதுக்கு யாரு தலைமை?"

"நீங்கதான், பாஷா. ரெண்டாம் மாடி ஜன்னல் நடுவுல இருக்கு. அங்க நின்னு வெள்ளைத் துண்டைக் காட்டணும். எல்லாரும் உங்க கையைத்தான் பார்ப்பாங்க."

பாஷா மீசையைத் தடவிக்கொண்டார். "துண்டு இஸ்திரி போட்டிருக்கணும்" என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் ஓதெத்துக்கு எரிச்சலாக வந்தது. "இங்கயும் எழுதுறது நீங்க, கும்பிடு வாங்குறது வேற ஆளா?"

"ஓதெத், அவர் ஜன்னல்ல நிக்கிற வரைக்கும் குழாய்கிட்ட போக மாட்டார். அதுலயே கால்வாசித் தண்ணி மிச்சம்."

முதல் நாள் காலை மொச்சைக்காரன் கூவினான். பாஷாவின் துண்டு ஆடியது. ஹாஜா நுழைந்தாள், அடங்கினாள். பழைய சாமான்காரன் வந்தான், போனான். காஸ் சிலிண்டர் கிணுகிணுத்தது. கீழே குழாய்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பொந்தில் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே இருமல் கேட்டது, பிறகு ஒரு கனைப்பு. ஸீனத் டீச்சர் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"வருது" என்றாள். "உஸ்தாத், வருது." கொஞ்சம் கழித்து, "பழுப்பா வருது. பரவாயில்ல, வருது" என்றாள். பயூமி கைதட்டினான். எல்லாரும் பாஷாவைப் பார்த்துக் கைதட்டினார்கள். பாஷா ஜன்னலில் குனிந்து வணங்கினார்.

நாலைந்து வாரம் கட்டடம் தேனாக ஓடியது. ஒரே ஒரு நாள்தான் கெட்டது. மொச்சைக்காரனுக்குத் தொண்டை கட்டிப்போய், அன்றைக்குக் கூவாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். கூவல் இல்லாததால் ஹாஜா திறக்கவில்லை. ஹாஜா முடிக்காததால் பாஷா திறக்கவில்லை. பாஷா முகம் முழுக்கச் சவர நுரையோடு, கையில் துண்டோடு, காத்துக்கொண்டே நின்றார். குழாய் நிறையத் தண்ணீர், கட்டடம் முழுக்க வறட்சி. கடைசியில் பயூமி தெருவுக்கு ஓடி, மொச்சைக்காரன் குரலில் "ஃபூல்" என்று நீட்டி முழக்கினான். கட்டடம் உயிர்பெற்றது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கிண்ணத்தோடு இறங்கிவந்து, "மொச்சை எங்கடா?" என்று பயூமியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் கடைக்குள் ஓடினான்.

சங்கடம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பம்பு எரிந்த புதிதில் ஸீனத் டீச்சர் தண்ணீர் இலாகாவுக்குப் புகார் கொடுத்திருந்தாள். அது எங்கெங்கோ அலைந்து, ஆகஸ்டில் ஓர் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. வீட்டுக்காரர் தர்வீஷுக்கும் தகவல் போனது. அவர் பட்டுச் சட்டையோடு முன்னதாகவே வந்து பயூமியின் கடையில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"நாலாம் மாடி வரைக்கும் தண்ணி சும்மா ஏறுதாமே" என்றார். "பாஷா ஏதோ துண்டு காட்டுறாராம், தண்ணி வந்துடுதாம். அப்புறம் பம்பு எதுக்கு? அதிகாரி வரட்டும், குழாயைத் திறந்து காட்டுவோம்."

அவர் போனபிறகு எல்லாரும் மூன்றாம் மாடி வாசலில் கூடிவிட்டார்கள்.

"எல்லாம் உன்னாலதான்" என்றாள் ஹாஜா லபீபைப் பார்த்து. "நாங்க பாட்டுக்கு அடிச்சுக்கிட்டு இருந்தோம். இந்நேரம் பம்பு வந்திருக்கும்."

"அப்ப என்ன செய்யலாம்கிறீங்க?"

"அன்னைக்கு மட்டும் தண்ணி மேல போகக் கூடாது. அதை எழுது."

லபீப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேலே போகக் கூடாதென்றால் ஒரே வழிதான். எல்லாரும் ஒன்றாக, முழுசாக, கடைசிவரை. நுஃமான் வருஷக்கணக்கில் கேட்டு அவர் ஒருமுறைகூடக் கொடுக்காதது அது. தாளை எடுத்தார், பென்சிலை எடுத்தார், எழுத எதுவுமே இல்லை. எல்லா வரியிலும் ஒரே நீளக் கோடு. அந்தத் தாளைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றான் பயூமி. "இதுக்கா உஸ்தாத் இவ்வளவு யோசிச்சீங்க? இது நாங்களே வாசிப்போமே."

ஓதெத் சமையலறையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி ஒரு தோல் பையும் சளி பிடித்த மூக்குமாக வந்தார். தர்வீஷ் அவரை நேரே நான்காம் மாடிக்கு அழைத்துப் போனார். லபீபும் பின்னாலேயே போனார். இரண்டாம் மாடி ஜன்னலில் பாஷா துண்டைச் சடாரென்று இறக்கிக் காட்டினார். கீழே ஹாஜா, பயூமி, பாஷாவின் சமையல்காரி, ஓதெத், எல்லாரும் குழாயை முழுக்கத் திறந்தார்கள். குழாய்களின் இரைச்சல் பொந்து முழுக்க நிறைந்தது. பெரிய சத்தம்தான். வெட்கத்தோடு கூடவே லபீபுக்கு ஏதோ ஒரு சந்தோஷமும் இருந்தது.

ஸீனத் டீச்சர் தன் குழாயைத் திறந்தாள். இருமல். மறுபடி திருகினாள். இருமல். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். தர்வீஷின் முகம் கறுத்தது.

சரியாக அப்போது தெருவில் காஸ் வண்டி திரும்பியது. சிலிண்டர் கிணுகிணுவென்றது.

யாரும் யோசிக்கவில்லை. கைக்குப் பழகிப்போயிருந்தது. ஹாஜா மூடினாள், பயூமி மூடினான், சமையல்காரி மூடினாள், ஓதெத்தும் மூடினாள். வழக்கமாக ஒருவர்பின் ஒருவராக மூடுகிறவர்கள், அன்றைக்கு எல்லாரும் ஒன்றாகத் திறந்திருந்ததால் ஒன்றாகவே மூடினார்கள். நான்காம் மாடிக் குழாய் பொங்கிப் பாய்ந்தது. அதிகாரியின் காற்சட்டை முழங்கால் வரை நனைந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் தர்வீஷ். "அருவி. நான் கீழ போய் உங்களுக்குக் காபி சொல்றேன்." பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

"மூடச் சொன்னது யாரு?" என்று பாஷா பொந்துக்குள் கத்தினார்.

"மூடாதேன்னு துண்டை ஏன் ஆட்டலை நீ?" என்றாள் ஹாஜா.

லபீபின் காதில் அது விழவில்லை. சுவருக்குள்ளிருந்து வந்த வேறொரு சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். தம் தம் என்று கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே, யாரோ இரும்பைக் குத்துகிற மாதிரி. அவர் எழுதாத சத்தம் அது.

"உஸ்தாத் தர்வீஷ்" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "படியில நிக்காதீங்க."

பெரிய குழாய் இரண்டாம் மாடிப் படி வளைவில் பிளந்தது. தர்வீஷ் அந்த வளைவில்தான் இருந்தார். தண்ணீர் அவரைச் சுவரோடு சேர்த்து ஒட்டவைத்தது. பட்டுச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள, கண்ணைத் திறக்க முடியாமல், "மூடுங்க, மூடுங்க" என்று அலறினார்.

"நாங்க எப்பவோ மூடிட்டோம்" என்று கீழேயிருந்து பயூமி பணிவாகச் சொன்னான்.

அதிகாரி படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, குழாய் முழுக்க மக்கிப்போயிருக்கிறது, புதுக் குழாயும் பம்பும் உடனே போட வேண்டும் என்று எழுதினார். தர்வீஷ் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஈரக் கையால் கையெழுத்துப் போட்டார். எதிர்க்கவில்லை. அந்த நிலையில் யாரும் எதிர்த்திருக்க மாட்டார்கள்.

செப்டம்பரில் பம்பு வந்தது. அந்த வாரம் கட்டடம் முழுக்க எல்லாரும் குளித்துக்கொண்டே இருந்தார்கள்.

லபீப் நுஃமானின் பாட்டை முடித்துக் கொடுத்தார். அதில் ஒரே ஓர் இடத்தில் எல்லாரும் ஒன்றாக நுழைகிறார்கள், சட்டென்று ஒன்றாக நிற்கிறார்கள், அந்த வெறுமையில் பாடுகிறவள் குரல் மட்டும். ஒத்திகையில் அதைக் கேட்டு நுஃமானுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் தான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்றார். லபீப் வழக்கம்போலத் தலையாட்டினார்.

பம்பு வந்ததில் நஷ்டப்பட்டது ஷௌகத் பாஷா மட்டும்தான். காலையில் துண்டோடு ஜன்னலுக்கு வந்து நின்று, பார்க்க ஆளில்லாமல் உள்ளே போவார். ஒரு நாள் மூன்றாம் மாடிக்கு ஏறிவந்து, "வேற ஏதாச்சும் எழுதறதா உத்தேசம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல லபீபுக்கு வாய் வரவில்லை. ஓதெத் அவருக்கு டீ கொடுத்து உட்காரவைத்தாள்.

டீ முடிவதற்குள் கதவு தட்டப்பட்டது. எதிர்க் கட்டடத்திலிருந்து மூன்று பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தண்ணீரில் குறையில்லை. லிஃப்ட் ஒன்றுதான், வீடுகள் நிறைய, காலையில் வாசலில் அடிதடி.

ஓதெத் கணவரைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். லபீப் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"உங்கள்ல யாரு காலைல முதல்ல கத்துறது?" என்று கேட்டார்.

மூவரும் தயங்கி, நடுவில் நின்றவரைக் காட்டினார்கள். பாஷா அதற்குள் எழுந்து நின்று, அவரை மேலும் கீழும் பார்க்க ஆரம்பித்திருந்தார்.